பதினான்காம் எண் துப்பாக்கியின் கொக்கி

வரிசையாகத்தான் சொல்வேன். வரிசை மாறினால் நியாயமும் மாறிவிடும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். நீங்கள் வைத்திருப்பது முப்பத்தோராம் டோக்கன், உள்ளே இப்போதுதான் பன்னிரண்டு போயிருக்கிறது.

முதல் துரோகம், தொண்ணூற்று ஒன்று. ஷிப்ட் நேரம் பற்றிய பேச்சுவார்த்தை. எங்கள் சங்கத் தலைவர் கஜபதி எங்களை வாசலில் நிற்க வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போய் டீ குடித்தார். திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கையில் இருந்தது.

இரண்டாவது, தொண்ணூற்று ஆறு. பிரஸ் பிரிவில் ஒரு மிஷின் தானாக இறங்கி ஒருவனுடைய விரலை எடுத்துவிட்டது. அதில் கடைசியாகக் கை வைத்த ஃபிட்டர் நான்தான் என்றது நிர்வாகம். நான் இல்லை. யார் என்று பதினெட்டுப் பேருக்குத் தெரியும். பதினெட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் எதைப் பழுது பார்த்தார் என்று எழுதி வைக்கும் வழக்கம் அன்று கிடையாது. பதினைந்து நாள் சஸ்பென்ஷன் எனக்கு. அந்தப் பதினெட்டுத் தலைகளும் குனிந்திருந்த கோணம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மூன்றாவது, தொண்ணூற்று ஒன்பது வேலை நிறுத்தம். இருநூற்றுப் பதிமூன்றாம் நாள் எத்திராஜ் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து உள்ளே போனான். என் தட்டில் சாப்பிட்டவன். அன்று மாலை ஆறு மணிக்கு, கேட்டின் முன்னால், மைக்கில் அவன் பெயரை நானே வாசித்தேன். சங்க வழக்கம் அது. உள்ளே போனவனின் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். அவன் மனைவிக்கு அன்று காலையில் ஆபரேஷன். எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான்காவது, அதற்கு அடுத்த வருடம். எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் ஆனது. பட்டியலில் என் பெயர் மட்டும் இல்லை. "ஒருத்தருக்காக முந்நூறு பேர் வெளிய நிக்க முடியாது தோழர்" என்றார்கள். அதைச் சொன்னவன் நான் உறுப்பினராகச் சேர்த்த பையன்.

இந்த நான்கையும் நான் தாங்கிக்கொண்டேன். ஐந்தாவது ஜெசிந்தா. அதற்காகத்தான் இந்தத் தொழிலாளர் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வே. தணிகாசலம். ஃபிட்டர். பஸ் பிரேக்குக்குக் காற்று வால்வு செய்த கம்பெனியில் பதினேழு வருடம். எங்கே கையெழுத்துப் போட்டாலும் கீழே "முன்னாள் பொதுச் செயலாளர்" என்று எழுதுவேன். கேஸ் சிலிண்டர் வாங்கும் சீட்டில்கூட. படிப்பு எட்டாம் வகுப்பு. மீதி எல்லாம் துண்டறிக்கைகள் கற்றுக்கொடுத்தது. படித்ததும் உண்டு, எழுதியதும் உண்டு, எழுதியதே அதிகம்.

பெயிண்ட்பால் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி, ஒரு சவுக்குத் தோப்புக்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு ஆனால் ஆபீஸ் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். முகமூடி போட்டுக்கொண்டு, பாதிப்பேர் மீதிப்பேரைச் சாய உருண்டையால் சுடுவார்கள். ஒற்றுமை வளர்க்கும் விளையாட்டாம்! சங்கம் வைக்கத் தைரியம் இல்லாதவர்கள் ஒற்றுமையை வளர்க்கும் லட்சணம் இது. அறுபது துப்பாக்கிகள் அங்கே. அறுபதுக்கும் வைத்தியர் நான். காற்றில் இயங்கும் எதுவும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி.

உங்கள் பேனாவைக் கொடுங்கள். அமுக்கினால் டிக் என்று வெளியே வருமே, அந்தப் பேனாதான். பயப்படாதீர்கள், திருப்பித் தருகிறேன்.

இதோ, திருகிக் கழற்றினால் உள்ளே சுருள்வில். துப்பாக்கிக்குள்ளும் இப்படி ஒன்று, இதைவிடத் தடிமனாக. அதன் முன்னால் ஒரு இரும்புத் துண்டு. அதற்குப் பெயர் சுத்தியல். வில் எந்நேரமும் சுத்தியலின் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கும், "போ, போ" என்று. போக விடாமல் கீழேயிருந்து ஒரு கொக்கி அதன் பள்ளத்தில் மாட்டிப் பிடித்திருக்கும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது அந்தக் கொக்கியின் உதடு. விசையை இழுத்தால் கொக்கி இறங்கும். சுத்தியல் பாயும். சுத்தியலோடு ஒரு கம்பியில் கட்டிய தள்ளுதண்டும் மேலே கூடவே ஓடி, சாய உருண்டையைக் குழாய்க்குள் தள்ளி அடைக்கும். உருண்டை என்றால் மருந்துக்கடையில் மீனெண்ணெய் மாத்திரை விற்கிறார்களே, அதே மாதிரி வழவழப்பான தோல், உள்ளே சாயம். ஓடிய சுத்தியல் வால்வின் ஊசியில் மோதும். வால்வு கண்சிமிட்டும் நேரம் திறந்து மூடும். சிலிண்டரில் அடைபட்டிருந்த காற்று அந்த நொடியில் இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு முன்னால் போய் உருண்டையைத் தள்ளும். மறு பங்கு பின்னால் வந்து சுத்தியலை உதைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். கொக்கி மறுபடி மாட்டிக்கொள்ளும். மேலே கூடையில் இருக்கும் அடுத்த உருண்டை தன் கனத்தாலேயே இறங்கி உட்காரும். இவ்வளவும் நீங்கள் "டப்" என்று சொல்லி முடிப்பதற்குள்.

ஆக எல்லாம் யார் தலையில் நிற்கிறது? கொக்கி. பின்னால் வில் தள்ளுகிறது, காற்று வந்து வந்து உதைக்கிறது, நடுவில் அது மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முப்பது வருடம் நான் நின்றது அந்த இடத்தில்தான்.

கொக்கி தேய்ந்துவிட்டால்? விரல் படவே வேண்டாம். மேஜையில் லேசாகத் தட்டினால் போதும், நழுவிவிடும், சுட்டுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கே இதுதான்.

நான் அங்கே சேர்ந்த முதல் மாதமே மேனேஜர் கிஷோரிடம் ஒரு கோரிக்கை மனு கொடுத்தேன். எந்தத் துப்பாக்கியில் யார் கை வைத்தாலும் எண், தேதி, செய்த வேலை, செய்தவர் பெயர் நான்கையும் பதிவேட்டில் எழுத வேண்டும். விபத்து நேர்ந்தால், குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளியே அந்தப் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவன் தலையில் பழி விழக் கூடாது.

"என்ன சார், விளையாடற எடத்துல கோர்ட்டு நடத்தச் சொல்றீங்க?" என்று சிரித்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டான். இந்தப் பக்கம் அப்படி ஒரு பதிவேடு வேறு எந்த மைதானத்திலும் கிடையாது. நான் வாங்கித் தந்தது.

ஜெசிந்தா அங்கே மார்ஷல். கோடு போட்ட சட்டை, கழுத்தில் விசில், யார் அவுட் என்று சொல்லும் வேலை. முப்பத்து நாலு வயது, கோவளத்துக்காரி. வீட்டுக்காரன் கட்டுமரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவன். இரண்டு பெண் பிள்ளைகள். அவள் வேலை போனால் அடுப்பு அணைந்துவிடும். "தோழர் என்று கூப்பிடம்மா" என்றேன். "சரிங்க தோழர் அண்ணா" என்றாள். இரண்டையும் சேர்த்துக் கூப்பிடக் கூடாது என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். திருந்தவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒரு ஆட்டம் முடிந்து, ஓய்வுக் கொட்டகையில் ஒருவன் முகமூடியைக் கழற்றிவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். பதினான்காம் எண்ணை மேஜையில் வைத்துவிட்டு, குழாய் வாயில் மாட்டும் துணி உறையை எடுக்கக் கை நீட்டினாள். டப்! இளநீர்க்காரன் நாற்காலியோடு சாய்ந்தான். கன்னம் முழுக்க நீலச் சாயம், அடியில் ரத்தம். ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"விசையைத் தொடவே இல்லைங்க" என்று அவள் அழுதாள். மறுநாளே குறிப்பாணை வந்தது. கவனக்குறைவாக விசையை அழுத்தினாராம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு வழக்கு! பீரோவில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டேன். மறைக்கச் சொல்லாதீர்கள், உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் என் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"தோழர் அண்ணா, மன்னிப்பு எழுதிக் குடுத்துடறேன். ஒரு வாரம் நிறுத்தி வெப்பாங்களாம், அவ்ளோதானாம். மேனேஜரே சொன்னாரு."

மன்னிப்பு! அந்த வார்த்தையை என் முன்னால்! காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தேன்.

"செய்யாத தப்புக்கு மன்னிப்பா? விசாரணை கேள்."

"விசாரணைன்னு வந்தா எல்லாத்தையும் நோண்டுவாங்கண்ணா. நோட்டையும் எடுப்பாங்க."

"எடுக்கட்டும்! அதுக்குத்தானே நோட்டு!"

குனிந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினாள். "நீங்க ஒரு தரம் அந்த நோட்டைப் பொரட்டிப் பாத்துட்டு வாங்களேன்."

"நான் கொண்டுவந்த நோட்டை எனக்கே காட்டறியா?" என்றேன்.

பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. எனக்குத் தெரியும். நவம்பரில் ஓய்வுபெற்றோர் மாநாட்டுக்காக மூன்று நாள் திருச்சி போயிருந்தேன். அந்த மூன்று நாளும் சுதாகர் என்ற ஒரு வெளி மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து போயிருக்கிறான். பதினான்காம் எண்ணைக் கெடுத்தவன் வேறு யாராக இருக்க முடியும்? வெளியாளை வைத்து வேலை வாங்கிய நிர்வாகத்தின் முகத்திரையை அந்த ஒரு பெயரால் கிழித்துவிடலாம் என்று துண்டறிக்கைக்குத் தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்.

விசாரணையன்று காலையில் ஒரு டிபன் பாக்ஸோடு வந்தாள். இறால் தொக்கு.

"அண்ணா, இன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு வீட்டுக்குப் போயிடுங்க. நான் சமாளிச்சிக்கறேன். ஒங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?"

தொக்கைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. "பயந்தாங்கொள்ளி, பின்னால் வா" என்றேன்.

கேண்டீன் கொட்டகையில் விசாரணை. விசாரணை அதிகாரி சடகோபன் என்று ஒரு வக்கீல், நல்ல மனிதர், துப்பாக்கியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மேனேஜர் கிஷோர். சாட்சிகள் இரண்டு பேர்: கேண்டீன் நடத்தும் லோகநாயகி, வாட்ச்மேன் ஏழுமலை.

நான் எழுந்தேன். பதினான்காம் எண்ணில் சிலிண்டரை மாட்டி, கூடையில் உருண்டைகளைப் போட்டேன். குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு கையையும் விசையை விட்டுத் தள்ளிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். அடிப்பாகத்தை மேஜையில் லேசாகத் தட்டினேன்.

டப்!

"வாடிக்கையாளர் கவனத்திற்கு" என்ற பலகை நீலமாகிவிட்டது.

"ஐயோ, என் சட்னிச் சட்டி! மூடலியே!" என்று லோகநாயகி ஓடினாள்.

மறுபடி தட்டினேன். டப்! ஏழுமலை கைதட்டினான். "சார், இன்னொரு வாட்டி" என்றான். சர்க்கஸ் பார்க்க வந்தவன் மாதிரி.

பிறகு துப்பாக்கியைத் திறந்தேன். அந்த நொடியைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. கேட்டில் மைக் பிடித்து நின்ற காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கொக்கியை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து, வக்கீல் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன்.

"பாருங்கள் ஐயா. இதன் உதட்டில் கோடுகள் தெரிகின்றன அல்லவா? அரம் போட்ட கோடு. இந்தக் கொக்கிக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம். முட்டை ஓடு மாதிரி. புதுக் கொக்கி மாட்டுவதை விட்டுவிட்டு எவனோ அவசரத்தில் இதையே அரம் போட்டுத் தீட்டியிருக்கிறான். ஓடு போய்விட்டது. உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு. இரண்டு மாதத்தில் மழுங்கிவிட்டது. இதைச் செய்தவன் ஃபிட்டரே இல்லை. அரத்தைத் தொடவே தகுதி இல்லாதவன். எழுதிக்கொள்ளுங்கள்."

வக்கீல் எழுதிக்கொண்டார். தகுதி இல்லாதவன் என்ற சொல்லையும் சேர்த்தே எழுதினார். பார்த்தேன்.

எழுதி முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தணிகாசலம், நீங்க சொன்னது தெளிவா இருக்கு. இந்தம்மா விசையை அழுத்தலை. இவங்க மேல குற்றம் இல்லைன்னு எழுதிடறேன். இத்தோட முடிச்சிக்கலாமா?"

"முடிச்சிக்கலாம் சார், முடிச்சிக்கலாம்" என்று ஜெசிந்தா கும்பிட்டாள்.

"மிஷின் கோளாறுன்னு போட்டுட்டுப் போயிடலாம் சார்" என்றான் மேனேஜர். என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். சுதாகர் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதோ, இங்கேதான் நான் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு ஒருவனாக இருந்தால், காப்பாற்ற வேண்டியவளைக் காப்பாற்றியாயிற்று என்று போயிருப்பான். நான் மேஜையில் ஓங்கித் தட்டினேன்.

"முடியாது! தொண்ணூற்று ஆறிலும் இப்படித்தான் முதலில் மிஷின் கோளாறு, மிஷின் கோளாறு என்று மூடப் பார்த்தார்கள், பிறகு என் தலையில் கட்டினார்கள். மிஷினுக்குக் கை கிடையாது. கை வைத்தவனுக்குப் பெயர் உண்டு. பதிவேட்டைக் கொண்டு வாருங்கள்!"

கொண்டுவந்தார்கள். மாட்டுத்தோல் நிறத்தில் நீட்டு நோட்டு. விதிப்படி அதை ஜெசிந்தா கையில் கொடுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வரிசை கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. இன்று அவள் வேலையில் இருக்கிறாள். எனக்கு நிர்வாகம் ஓய்வு கொடுத்துவிட்டது. அவள் மேனேஜரிடம் அழுது பேசி, "துப்பாக்கி வேணாம், கேட்டுல சீட்டுக் கிழிக்கற வேலையாவது அண்ணனுக்குக் குடுங்க" என்று கேட்டாளாம். சரி என்றும் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்ல என் வீட்டுக்கே வந்தாள். கதவைத் திறக்கவில்லை. துரோகி வாங்கித் தரும் வேலை எனக்கு எதற்கு? அந்த விசாரணையே செல்லாது என்றுதான் இங்கே மனுக் கொடுக்கப்போகிறேன். அவள் பெயர் போட்டுத் துண்டறிக்கையும் அடித்தாயிற்று. நூறு பிரதி. உங்களுக்கு ஒன்று, இந்தாருங்கள். அடுத்த சனிக்கிழமை மைதானத்தின் கேட்டில் நின்று படிப்பேன். கேட்க ஆள் வருவார்களா என்றா கேட்கிறீர்கள்? ஏழுமலை இருப்பான்.

அந்தக் கோடுகள் என் அரத்தின் கோடுகளா என்று கேட்காதீர்கள். திருச்சி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அரை நாள் லீவு கூடுதலாகக் கொடுத்திருந்தால் புதுக் கொக்கியே போட்டிருப்பேன். அவசரப்படுத்தியது யார்? நிர்வாகம். இதையெல்லாம் மனுவில் மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

என் கேள்வி அதுவல்ல. என் கேள்வி அவளைப் பற்றியது. பக்கம் நனைந்துபோயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தாளாகப் புரட்டிவிட்டிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை என்றால், தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கலாமே? பதினெட்டுப் பேரால் முடிந்தது ஒருத்தியால் முடியாதா?

உங்கள் பேனா. ஆமாம், சுருள்வில்லைக் காணோம். இங்கேதான் எங்கேயோ தெறித்திருக்கும். மட்டமான பேனா, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? நோட்டு அவள் கையில். புரட்ட வேண்டிய வேலையே இல்லாமல் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திறந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, வேணாம்ணா."

"படி" என்றேன்.

"நீங்களே ஒரு தரம் பாத்துக்கங்கண்ணா. அப்புறமா படிக்கறேன்."

நிர்வாகத்தைக் கண்டால் அவளுக்கு நடுக்கம், என்ன செய்வது, ஐந்நூறு பேருக்குத் தைரியம் சொல்லிக் கொடுத்தவன் நான். எழுந்து நின்று, வேட்டியைச் சரி செய்துகொண்டு, கொட்டகை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: "எவனுக்கும் பயப்படாதே. சத்தமாகப் படி. சாட்சிகள் காதில் விழ வேண்டும்."

அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லோகநாயகி கரண்டியோடு வந்து நின்றாள். ஏழுமலை தொப்பியைக் கழற்றினான். ஜெசிந்தா விரலை வரியின் அடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"எண் பதினாலு. நவம்பர் எட்டு. கொக்கி அரம் போட்டுச் சரி செய்யப்பட்டது. செய்தவர், வே. தணிகாசலம், முன்னாள் பொதுச் செயலாளர்."